பகைவரோடும் பேசியவர்: மூதறிஞர் இராஜாஜி

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நேதாஜி யார் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. லாபு, நீலாய், ரந்தாவ், பகாவ் வட்டாரங்களில் லயத்து வீடுகள் பலவற்றில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அவர் படமும் மாட்டப்பட்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1943ஆம் ஆண்டில் அவர் அழைத்தபோது, பால்மரம் சீவிய கைகள் துப்பாக்கி ஏந்தின. பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். போரின் வழியே விடுதலை என்பது நம் பாட்டன் பாட்டியரின் நினைவில் ஆழப் பதிந்த பாடம்.

அதே ஆண்டுகளில் தமிழர் ஒருவர் வேறொரு பாதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரி என்று யாரைக் கருதுகிறோமோ அவரோடு முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர்தாம் மூதறிஞர் இராஜாஜி. மகாபாரதத்தை ‘வியாசர் விருந்து’ என்றும் இராமாயணத்தைச் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்றும் எளிய தமிழில் எழுதித் தந்தவர் என்ற அளவில் நம்மில் பலர் அவரை அறிவோம். ஆனால், பகைவரோடு பேசச் சொன்னதற்காகத் தம் கட்சியையே விட்டு வெளியேறியவர், முதிய வயதில் அணுகுண்டுச் சோதனைக்கு எதிராக வாதாட அமெரிக்க அதிபரின் மாளிகைவரை சென்றவர் என்ற செய்திகளை அறிந்தோர் சிலரே. தமிழர்களிடையே அவரைப் போற்றியவர்களும் உண்டு. கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. இரு சாராருக்கும் போதிய காரணங்கள் இருந்தன. அந்தக் காரணங்களோடு சேர்த்தே அவர் வாழ்க்கையைப் பார்ப்போம்.

தொரப்பள்ளியிலிருந்து சேலம்வரை

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், அந்நாளைய சேலம் மாவட்டத்தில் ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1900ஆம் ஆண்டு முதல் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். வாதத்தில் வல்லவர் என்று பெயர் பெற்றார். 1917 முதல் 1919வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார்.

1919ஆம் ஆண்டு மார்ச் மாதம் காந்தியடிகள் சென்னைக்கு வந்து இராஜாஜியின் வீட்டில் தங்கினார். அதன் பிறகு வழக்கறிஞர் தொழில் அவரை ஈர்க்கவில்லை. 1921ஆம் ஆண்டின் இறுதியில் சிறை சென்றார். 1925ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டுக்கு அருகில் காந்தி ஆசிரமம் அமைத்துக் கதர்ப் பணியிலும் தீண்டாமை ஒழிப்பிலும் மதுவிலக்கிலும் ஈடுபட்டார். 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்புச் சத்தியாகிரகப் படையை நடத்திச் சென்று கைதானார். படை என்று சொன்னாலும் அதில் ஆயுதம் ஏதுமில்லை.

முதல் சறுக்கல்

1937ஆம் ஆண்டில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதல்வரானார். அதே ஆண்டு அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். தாழ்த்தப்பட்ட மக்கள் கோயிலுக்குள் செல்ல 1939ஆம் ஆண்டில் சட்டம் செய்தார். கள்ளுக்கடை தோட்டத்துக் குடும்பங்களை எப்படிச் சீரழித்தது என்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த முதல் முயற்சியின் அருமை எளிதில் விளங்கும்.

ஆனால் அதே ஆட்சிதான் 1938ஆம் ஆண்டில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழறிஞர்களும் பெரியாரும் எதிர்த்துக் கிளம்பினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். பெரியாரும் சிறையில் அடைக்கப்பட்டார். 1939ஆம் ஆண்டில் நடராசன், தாளமுத்து என்னும் இரு இளைஞர்கள் சிறைவாசத்தின்போது நோயுற்று இறந்தனர். எதிர்ப்பாளர்களோடு பேசி ஒரு முடிவு காண இராஜாஜி முன்வரவில்லை. பின்னாளில் உலகத்துக்கே பேச்சுவார்த்தையின் அருமையைச் சொன்னவர், தம் சொந்த மக்களிடம் சட்டத்தைக் கொண்டு பேசினார். தமிழ்மொழிக் கழகத்தின் ஏட்டில் அவர் வாழ்க்கையை எழுதும்போது இதை மறைக்க இயலாது. அவர் பதவி விலகிய பின்னர், 1940ஆம் ஆண்டில் ஆளுநர் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார்.

மலாயா வீழ்ந்தபோது

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. நம் தோட்டங்களில் அதற்குப் பிறகு நடந்தவை நாம் அறிந்தவையே. பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர்; திரும்பி வராதோர் ஏராளம்.

மலாயாவின் வீழ்ச்சி வங்கக் கடலின் மறுகரையையும் உலுக்கியது. 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். இந்தியாவைக் காக்க வேண்டுமானால் எல்லாக் கட்சியினரும் சேர்ந்த ஒரு தேசிய அரசு உடனே வேண்டும், அதற்கு முஸ்லிம் லீக்கின் ஒத்துழைப்பு வேண்டும், அது கிடைக்க வேண்டுமானால் லீக் கேட்கும் பிரிவினைக் கோரிக்கையைப் பற்றிப் பேசத் தயாராக வேண்டும் என்று இராஜாஜி படிப்படியாக வாதாடினார். படையெடுப்பை ஆயுதத்தால் எதிர்க்கலாகாது என்று அவர் சொன்னதில்லை. இந்த இடத்தில் அவர் காந்தியடிகளிடமிருந்தே வேறுபட்டார்.

சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் உறுப்பினர்கள் அவர் கருத்தை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றினர். ஆனால் அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் குழு, 120 வாக்குகளுக்கு 15 என்ற கணக்கில் அதை நிராகரித்தது. இருபதாண்டுக் காலத் தோழர்கள் அவரைக் கைவிட்டனர். ஜூலை மாதம் அவர் காங்கிரசிலிருந்தும் சட்டமன்றத்திலிருந்தும் விலகினார். ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் வெடித்துத் தலைவர்கள் அனைவரும் சிறை சென்றபோது, அவர் மட்டும் வெளியில் இருந்தார். நாட்டுக்காக ஐந்து முறை சிறை கண்டவர்மீது துரோகி என்ற பழி விழுந்தது. எதிரியோடு பேச வேண்டும் என்பவருக்கு முதல் அடி சொந்த அணியிலிருந்துதான் விழுகிறது என்பதை அவர் வாழ்க்கையில் நாம் காண்கிறோம்.

ஒரு திட்டமும் பதினான்கு நாள் சந்திப்பும்

பழிக்கு அஞ்சி அவர் ஒதுங்கிவிடவில்லை. 1942ஆம் ஆண்டு நவம்பரில் ஜின்னாவைச் சந்தித்தார். சிறையிலிருந்த காந்தியடிகளைக் காண அனுமதி கேட்டார். வைசிராய் லின்லித்கோ மறுத்தார். 1943ஆம் ஆண்டு பிப்ரவரியில் காந்தியடிகள் ஆகாகான் மாளிகைச் சிறையில் உண்ணா நோன்பிருந்தபோது அவரைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. அப்போது தாம் வகுத்த ஒரு திட்டத்தைக் காட்டி அவருடைய ஒப்புதலைப் பெற்றார். அதுவே பின்னர் ‘இராஜாஜி திட்டம்’ எனப் பெயர் பெற்றது.

அத்திட்டத்தின் சாரம் இதுதான். முஸ்லிம் லீக் இந்திய விடுதலைக் கோரிக்கையை ஆதரித்து இடைக்கால அரசில் சேர வேண்டும். போர் முடிந்த பிறகு, வடமேற்கிலும் வடகிழக்கிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாகத் தொடர்ந்து வாழும் மாவட்டங்களை எல்லை வகுத்து, அங்குள்ள எல்லா மக்களிடமும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பிரிவதென்று மக்கள் முடிவு செய்தால், பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு இரு தரப்பும் உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். குடிபெயர விரும்புவோர் தம் விருப்பப்படியே பெயர வேண்டும், எவரையும் கட்டாயப்படுத்தலாகாது.

இதை அடிப்படையாகக் கொண்டு 1944ஆம் ஆண்டு செப்டம்பர் 9 முதல் 27வரை, பம்பாயில் ஜின்னாவின் இல்லத்தில் காந்தியடிகளும் ஜின்னாவும் பதினான்கு நாள் அளவுக்குச் சந்தித்துப் பேசினர். பேச்சு முறிந்தது. பஞ்சாபும் வங்காளமும் துண்டாடப்பட்ட பாகிஸ்தானை ஏற்க ஜின்னா உடன்படவில்லை. பேசியதாலேயே ஜின்னாவின் மதிப்பு உயர்ந்துவிட்டது என்று காங்கிரசிலும் பலர் குறைகூறினர். அந்தக் குறைகூறலை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. எதிரியின் வீட்டு வாசலுக்குச் செல்வது அவருக்குப் பெருமை சேர்க்கும் என்பது உண்மையே.

மூன்றாண்டுகள் கழித்து, 1947ஆம் ஆண்டு ஆகஸ்டில், பஞ்சாபும் வங்காளமும் துண்டாடப்பட்டே பாகிஸ்தான் பிறந்தது. எல்லைக் கோடு பெரும்பாலும் அத்திட்டம் காட்டிய வழியிலேயே அமைந்தது. ஆனால் முன்கூட்டிய உடன்பாடும் இல்லை. விருப்பப்படி குடிபெயர அவகாசமும் இல்லை. இலட்சக்கணக்கானோர் உயிரிழந்தனர், ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். 1944இல் பேச்சு வென்றிருந்தால் இவ்வளவும் தவிர்க்கப்பட்டிருக்குமா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பேசுவதற்கு மறுத்ததால் எதுவும் மிச்சமாகவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

உச்சப் பதவியும் இரண்டாம் சறுக்கலும்

விடுதலைக்குப் பின் இராஜாஜி மேற்கு வங்காள ஆளுநரானார். 1948ஆம் ஆண்டு ஜூன் முதல் 1950ஆம் ஆண்டு ஜனவரி 26வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக விளங்கினார். அப்பதவியை வகித்த ஒரே இந்தியர் அவரே. பிறகு மத்திய உள்துறை அமைச்சராகவும், 1952இல் மீண்டும் சென்னை முதல்வராகவும் ஆனார்.

1953ஆம் ஆண்டில் அவர் ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தை அறிவித்தார். பிள்ளைகள் சில மணி நேரம் பள்ளியில் படித்துவிட்டு, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது அதன் உட்கிடை. எதிர்ப்பாளர்கள் இதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டனர். விடியற்காலையில் தாய் தந்தையரோடு நிரைக்குச் சென்று மங்கு துடைத்து, பிறகு பள்ளிக்கு ஓடிய பிள்ளைகளின் பரம்பரையில் வந்தவர்கள் நாம். சீவுபவரின் மகனும் சீவுபவராகவே ஆவான் என்ற விதியை உடைக்கத்தான் நம் பெற்றோர் பாடுபட்டனர். ஆகவே அந்தத் திட்டம் தமிழ்நாட்டு மக்களை ஏன் அவ்வளவு சுட்டது என்பது நமக்கு விளக்காமலே புரியும். அமைச்சரவையையோ சட்டமன்றத்தையோ கலந்து பேசாமல் அவர் அத்திட்டத்தைக் கொண்டுவந்தார் என்பது முதன்மையான குற்றச்சாட்டு. 1954ஆம் ஆண்டில் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

இராஜாஜியின் இரு பெரும் தோல்விகளிலும் ஒரே குறை தென்படுகிறது. தம்மை எதிர்ப்போரிடம் கலந்து பேசாமல், சரியென்று தமக்குப் பட்டதைச் செய்துவிடலாம் என்று நம்பினார். பேசிய இடங்களில் அவர் தோற்றாலும் அவர் மதிப்புக் குன்றவில்லை. பேசாத இடங்களில் அவர் பதவியோடு மக்களின் நம்பிக்கையையும் இழந்தார்.

அணுகுண்டுக்கு எதிராக

பதவிகளைத் துறந்தபோது அவருக்கு 75 வயது. அந்த வயதில் அவர் தொடங்கிய பணிதான் அவரை உலகறியச் செய்தது. 1954ஆம் ஆண்டு டிசம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேட்டுக்கு எழுதிய கடிதத்தில், அமெரிக்கா தானாகவே முன்வந்து அணு ஆயுதத்தைக் கைவிட வேண்டும் என்று வேண்டினார். மற்றவன் கீழே போடட்டும், பிறகு நான் போடுகிறேன் என்று இருவரும் காத்திருந்தால் உலகம் அழியும்வரை காத்திருக்க வேண்டியதுதான் என்பது அவர் வாதத்தின் சுருக்கம்.

அக்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பலர் இந்தப் பணியில் இறங்கினர். ஐன்ஸ்டீனும் பெர்ட்ரண்ட் ரசலும் கையெழுத்திட்ட அறிக்கை 1955ஆம் ஆண்டில் வெளிவந்தது. ரசல் தமது 89ஆம் வயதில், 1961ஆம் ஆண்டில், இதற்காகச் சிறை சென்றார். புகழ்பெற்றவர்கள் போர் எதிர்ப்புப் பேசினால், நாட்டின் பாதுகாப்பைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும், எதிரிக்குத் துணைபோகிறார்கள் என்ற ஏச்சு எழுவது வழக்கம். இராஜாஜியிடம் அந்த ஏச்சு எளிதில் ஒட்டவில்லை. அவர் பொதுவுடைமைக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர். 1959ஆம் ஆண்டில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர். அமெரிக்காவை விமர்சித்தபோதும் அவரை ரஷ்யாவின் ஆள் என்று எவரும் சொல்ல முடியவில்லை.

1961ஆம் ஆண்டு செப்டம்பரில் சோவியத் ஒன்றியம் மீண்டும் அணுச்சோதனைகளைத் தொடங்கியது. 1962ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவும் வான்வெளிச் சோதனைகளை மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு ஜூன் மாதம் காந்தி அமைதி நிறுவனம் டில்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாட்டைக் கூட்டியது. அதன் தொடர்ச்சியாக இராஜாஜி, ஆர்.ஆர்.திவாகர், பி.சிவராவ் ஆகியோர் அமெரிக்கா சென்றனர். 83 வயதுவரை மேலை நாடுகளில் கால் வைத்திராத இராஜாஜிக்கு அதுவே முதல் பயணம். செப்டம்பர் 28ஆம் நாள் வெள்ளை மாளிகையில் அதிபர் கென்னடியைச் சந்தித்தார். ஒதுக்கப்பட்ட நேரத்தையும் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் உரையாடல் நீண்டது. கென்னடி அந்த முதியவரின் தெளிவான வாதத்தை மிகவும் மதித்தார்.

அடுத்த மாதமே கியூபா நெருக்கடி மூண்டது. அணுப்போரின் விளிம்புவரை சென்ற கென்னடியும் குருசேவும் கடிதங்கள் வாயிலாகவும் தூதர்கள் வாயிலாகவும் பேசித்தான் மீண்டனர். 1963ஆம் ஆண்டு ஜூனில், பிற நாடுகள் செய்யாதவரை வான்வெளிச் சோதனையை அமெரிக்காவும் செய்யாது என்று கென்னடி அறிவித்தார். ஆகஸ்ட் 5ஆம் நாள் மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை உடன்படிக்கை கையெழுத்தானது. இது இராஜாஜியால் விளைந்தது என்று சொன்னால் மிகையாகும். ஆயினும் அவர் கேட்ட முதல் அடி அதுதான்.

முதுமையில் முடிந்த பகைகள்

1964ஆம் ஆண்டு ஏப்ரலில் காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லா சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார். பாகிஸ்தானோடு பேசி ஒரு வழி காண நேரு விரும்பினார். நேருவின் ஆட்சியை நாள்தோறும் சாடிவந்த இராஜாஜி, இந்த முயற்சியை மனமார ஆதரித்தார். அப்துல்லா மே மாதம் சென்னைக்கு வந்து அவரோடு கலந்தாலோசித்து, பின்னர் பாகிஸ்தான் சென்றார். மே 27ஆம் நாள் நேரு மறைந்ததும் அந்த முயற்சி நின்றுபோனது.

இந்தியைத் திணித்தவர் என்று பெயரெடுத்த இராஜாஜி, 1950களின் பிற்பகுதியில் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை எதிர்த்தார். ஒரு காலத்தில் தம் ஆட்சியை எதிர்த்துக் களம் கண்ட அண்ணாவோடு 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் கைகோத்தார். பெரியாரோடு அவருக்கிருந்த உறவு இன்னும் வியப்பானது. கொள்கையில் இருவரும் இரு துருவங்கள். ஆனாலும் நட்பு முறியவில்லை. 1949ஆம் ஆண்டு மே மாதம் திருவண்ணாமலையில் தனிமையில் சந்தித்துப் பேசிய இருவரும், அதற்குப் பிறகும் மேடையில் மோதிக்கொண்டனர். 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், 94ஆம் வயதில் இராஜாஜி மறைந்தபோது, பெரியார் நேரில் சென்று கண்ணீர் விட்டார்.

நம் மண்ணின் பாடம்

இராஜாஜியை அலைக்கழித்த கேள்வி நம் நாட்டுக்கும் வந்தது. 1948ஆம் ஆண்டு ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர்கள் இரு நெருப்புக்கிடையே வாழ்ந்தனர். பகலில் படையினரின் சோதனை. இரவில் காட்டிலிருந்து வருவோர் பற்றிய அச்சம். பல தோட்டங்களில் லயங்கள் கம்பிவேலிக்குள் கொண்டுவரப்பட்டன. அரிசியும் அளந்தே கிடைத்தது. 1955ஆம் ஆண்டு டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் கெடா மாநிலம் பாலிங்கில் துங்கு அப்துல் ரகுமான், டான் செங் லோக், டேவிட் மார்ஷல் ஆகியோர் சின் பெங் குழுவினரோடு பேசினர். பேச்சு முறிந்தது. துங்கு சரணடைவைக் கேட்டார். சின் பெங் தம் கட்சிக்கு அங்கீகாரம் கேட்டார். அவசரகாலம் 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள்தான் முடிவுக்கு வந்தது. முழுமையான சமாதான ஒப்பந்தம் 1989ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஹட்யாயில் கையெழுத்தானது. கடைசியில் அதுவும் ஒரு மேசையின் முன்தான் முடிந்தது.

அதே காலத்தில் தோட்டத்திலேயே இன்னொரு மேசையும் போடப்பட்டது. 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்க வாழ்வைத் தொடங்கிய பி.பி.நாராயணன் அதன் பொதுச் செயலாளராக முதலாளிகளின் சங்கத்தோடு உட்கார்ந்து சம்பளம் பேசினார். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டியிருந்த சமுதாயம், துரைமாரின் எதிரே நாற்காலி போட்டு அமர்ந்த காட்சி சாதாரணமானதன்று. கிடைத்த சம்பளம் போதாது என்ற குறை அன்றும் இருந்தது, பின்னரும் தொடர்ந்தது. ஆனால் எதிர்த்தரப்போடு பேசுவது அடிபணிவதாகாது என்பதைத் தோட்டத்து மக்கள் அனுபவத்தில் கற்றனர்.

இராஜாஜி தமிழாக்கிய மகாபாரதத்தில், போர் நிச்சயம் என்று அறிந்தும் கண்ணன் துரியோதனன் அவைக்குத் தூது செல்கிறான். அந்தத் தூது தோற்றது. ஆனால் பாண்டவர் பேசிப் பார்க்காமல் போருக்குப் போனார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. இன்று பல்கலைக்கழகத்தில் பயிலும் நமக்குப் போர்க்களம் இல்லை. ஆனால் இயக்கங்களுக்குள் பிளவு உண்டு. கருத்து மாறுபட்டவரோடு மேடையில்கூட அமரமாட்டோம் என்ற பிடிவாதம் உண்டு. எதிரே இருப்பவரின் கோரிக்கையில் எதை ஏற்கலாம் என்று முதலில் எழுதிப் பார்த்த இராஜாஜியின் 1943ஆம் ஆண்டு வழக்கத்தை நாமும் பழகலாம். தம்மை எதிர்த்த மாணவர்களையும் பெற்றோரையும் கேளாமல் ஆணை பிறப்பித்த 1938, 1953ஆம் ஆண்டுகளின் இராஜாஜியையும் மறவாதிருப்போம். இருவரும் ஒருவரே என்பதால்தான் அவர் வாழ்க்கை நாம் படிக்கத் தக்கதாகிறது.